நான்கு நாணயங்களின் எடை

ஓசை இல்லை, புகை இல்லை. உள்ளங்கையில் வைத்தால் கனம்கூடத் தெரியாத அளவு விசை. அந்த விசைதான் இன்று செயற்கைக்கோள்களின் எடையையும் விலையையும் ஆயுளையும் தீர்மானிக்கத் தொடங்கியிருக்கிறது. பிளாஸ்மா இன்ஜின் பந்தயத்தில் இந்தியா எங்கே நிற்கிறது?

2010 ஜூன் 13. ஆஸ்திரேலியாவின் வூமேரா பாலைவனத்தில் குளிர்கால இரவு. வானத்தில் முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. சில நொடிகளில் அது வெளிச்சமாகப் பெருகி, துண்டு துண்டாக உடைந்து, நெருப்புச் சரமாக நீண்டது. அந்தச் சரத்துக்குச் சற்று முன்னால், உடையாமல், தனியாக ஒரு சின்னப் பொறி போய்க்கொண்டிருந்தது. எரிந்துகொண்டிருந்தது ஜப்பானின் ஹயபுசா விண்கலம். முன்னால் போனது அது சுமந்து வந்த 40 சென்டிமீட்டர் அகலக் கூடு. இடோகாவா என்ற குறுங்கோளின் தூசி அதற்குள் இருந்தது. ஒரு குறுங்கோளைத் தொட்டு, அதன் மண்ணோடு வீடு திரும்பிய முதல் பயணம் அது.

நான்கே ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய பயணம், ஏழாண்டு இழுத்துவிட்டது. 600 கோடி கிலோமீட்டர். வழியில் நடக்கக்கூடாததெல்லாம் நடந்தது. கலத்தைத் திசை மாறாமல் நிறுத்தும் மூன்று சக்கரங்களில் இரண்டு கெட்டுப்போயின. வழக்கமான ரசாயன எரிபொருள் கசிந்து முழுவதும் காலியானது. ஏழு வாரம் கலத்திடமிருந்து பேச்சே இல்லை. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, கலத்திலிருந்த நான்கு அயனி இன்ஜின்கள். செனான் வாயுவை நுண்ணலையால் மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரித்து, அதாவது பிளாஸ்மாவாக்கி, மின்புலத்தால் பின்னோக்கி வீசி, அதன் எதிர்விசையில் கலத்தை நகர்த்துபவை அவை. ஒவ்வொன்றின் விசையும் ஒரு கிராம் எடைக்கும் குறைவு.

2009 நவம்பரில் அவையும் கைவிட்டன. வீடு வந்துசேர இன்னும் ஏழு மாதம் இருக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த முக்கிய இன்ஜின் நின்றது.

சகமிஹாராவில் இருந்த கட்டுப்பாட்டு மையத்தில் பொறியாளர்கள் மிச்சமிருப்பதைக் கணக்கெடுத்தார்கள். இந்த வகை இன்ஜினில் இரண்டு பாகங்கள் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று, நேர்மின் அயனிகளை வெளியே வீசும். இன்னொன்று, அதே அளவு எலெக்ட்ரான்களைப் பின்னாலேயே அனுப்பும். அதன் பெயர் நடுநிலையாக்கி. அது இல்லாவிட்டால் கலம் எதிர்மின்னேற்றம் பெற்று, வீசிய அயனிகளையே திரும்ப இழுத்துக்கொள்ளும். 'பி' இன்ஜினில் அயனிப் பகுதி நன்றாக இருந்தது, நடுநிலையாக்கி செத்துப்போயிருந்தது. 'ஏ' இன்ஜின், ஏவிய சில நாள்களிலேயே சரியில்லை என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் அதன் நடுநிலையாக்கி புத்தம்புதிதாக அப்படியே இருந்தது.

இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரு முழு இன்ஜினாக ஓட்டினார்கள். அப்படிச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், கலத்தை ஏவுவதற்கு முன்பே, எப்போதாவது உதவும் என்று மின்சுற்றில் பொருத்தி வைத்திருந்த ஒரு சிறிய டயோடு. இன்ஜின் குழுவை வழிநடத்திய ஹிதோஷி குனினாகாவின் முன்யோசனை அது. ஜப்பானில் ஹயபுசாவைப் பற்றித் திரைப்படங்கள் வந்தன. குறுங்கோளை விட, அந்த டயோடும் அதை வைத்தவர்களின் பொறுமையும்தான் மக்கள் மனதில் நின்றன.

திருவனந்தபுரத்தின் 1,000 மணி நேரம்

ஹயபுசா இங்கே பேச்சுக்கு வருவதற்குக் காரணம், 2025 மார்ச் மாதக் கடைசியில் இஸ்ரோ வெளியிட்ட ஓர் அறிவிப்பு. உள்நாட்டிலேயே உருவாக்கிய 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா த்ரஸ்டர், 5.4 கிலோவாட் முழுத்திறனில், விண்வெளிச் சூழலை உண்டாக்கிய வெற்றிட அறைக்குள் 1,000 மணி நேரம் ஓடி முடித்தது. ராக்கெட் ஏறும் காட்சி இல்லாததால் தொலைக்காட்சிகளில் அது பெரிய செய்தியாகவில்லை.

300 மில்லிநியூட்டன் எவ்வளவு? நான்கு பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் அடுக்கினால் கை உணரும் கனம். அவ்வளவுதான். இதை ஓட்டத் தேவைப்படும் மின்சாரமோ, வீட்டில் மூன்று நான்கு ஏசிகளை ஒன்றாகப் போட்டால் ஆகும் மின்சாரம்.

நெல்லைச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் திரவ இன்ஜின்கள் சோதிக்கப்படும்போது எழும் முழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். தரையிலிருந்து தன் எடையைத் தூக்கவும் இந்த இன்ஜின் லாயக்கில்லை. ஆனால் இழுத்துப் பிடிக்கும் காற்றும் இல்லாத, உராயும் தரையும் இல்லாத விண்வெளியில் கணக்கு வேறு. இரண்டு டன் எடையுள்ள ஒரு செயற்கைக்கோளை இந்த நான்கு நாணய விசை ஒரு நாள் முழுக்கத் தள்ளினால், வேகம் மணிக்கு சுமார் 47 கிலோமீட்டர் கூடும். டவுன் பஸ்ஸின் வேகம். நூறு நாள் விடாமல் தள்ளினால் மணிக்கு 4,600 கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கும்.

இந்தத் திட்டத்தின் பின்னணியில் இருப்பது இஸ்ரோவின் திரவ உந்து அமைப்புகள் மையம். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் அதன் தலைமையகம். குமரி மாவட்டம் மேலகாட்டுவிளையில் பிறந்த வி.நாராயணன் 2018 முதல் அதன் இயக்குநராக இருந்தார். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார். திரவ, கிரையோஜெனிக் இன்ஜின்களோடு வாழ்ந்த ஒருவர் தலைமைக்கு வந்த சில வாரங்களில் பிளாஸ்மா இன்ஜினின் 1,000 மணி நேரம் முடிந்தது.

நீல வெளிச்சத்துக்குள் நடப்பது என்ன?

ராக்கெட் என்றாலே எரிப்பது என்று பழகிவிட்டோம். எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்து எரிகின்றன, சூடான வாயு பின்னால் பீறிடுகிறது, ராக்கெட் முன்னால் போகிறது. அந்த வாயுவின் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ரசாயனப் பிணைப்புகளுக்குள் இருக்கும் ஆற்றலுக்கு மேல் எதையும் கறக்க முடியாது. மிகச் சிறந்த ஹைட்ரஜன் இன்ஜினிலும் நொடிக்கு நாலரை கிலோமீட்டர் அளவோடு நின்றுவிடும்.

பிளாஸ்மா இன்ஜினில் எதுவும் எரிவதில்லை. இஸ்ரோவின் த்ரஸ்டர் ஹால் வகையைச் சேர்ந்தது. வட்டமான பள்ளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்; நடுவில் தூண் நிற்கும் கேக் அச்சு மாதிரி. அதன் சுவர்கள் பீங்கானைப் போன்ற பொருளால் ஆனவை. அடியிலிருந்து செனான் வாயு மெல்லக் கசிகிறது. வெளியே ஒரு கேதோடு எலெக்ட்ரான்களைத் தருகிறது. பள்ளத்தின் வாயில் குறுக்காக ஒரு காந்தப்புலம். உள்ளே பாயத் துடிக்கும் எலெக்ட்ரான்கள் அந்தக் காந்தவேலியில் மாட்டிக்கொண்டு வட்டமடிக்கின்றன. வழியில் வரும் செனான் அணுக்கள்மேல் மோதி அவற்றை அயனிகளாக்குகின்றன. கனமான அயனிகளை அந்தக் காந்தவேலியால் தடுக்க முடியாது. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அவற்றைப் பிடித்து வெளியே எறிகிறது, நொடிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில். வெளியே தெரிவதெல்லாம் ஒரு மெல்லிய நீல ஒளி.

வெளியேறும் வேகம் சில மடங்கு கூடினால், அதே வேலைக்குச் சுமந்து செல்லவேண்டிய வாயுவும் பல மடங்கு சுருங்கும். இந்த ஒரு வரியில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

[பெட்டி] பழைய கனவு, இரண்டு நாடுகள்

மின்சாரத்தால் ராக்கெட்டைத் தள்ளலாம் என்று அமெரிக்காவின் ராபர்ட் கோடார்டு 1906லேயே குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1911இல் அதையே எழுதினார். நாசாவுக்காக ஹாரால்டு காஃப்மன் உருவாக்கிய அயனி இன்ஜின் 1964 ஜூலை 20 அன்று விண்வெளியில் 31 நிமிடம் ஓடியது. அமெரிக்கா வலைத்தட்டுகள் வழியாக அயனிகளை இழுக்கும் முறையைப் பிடித்துக்கொள்ள, சோவியத் ஒன்றியம் காந்தவேலி முறையில் இறங்கியது. அலெக்ஸி மொரோசோவ் குழுவின் ஹால் த்ரஸ்டர் 1971 டிசம்பரில் ஒரு மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளில் பறந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகே மேற்குலகப் பொறியாளர்கள் ரஷ்யாவுக்குப் போய், இருபதாண்டாக அங்கே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்களைக் கண்ணால் பார்த்தார்கள்.

எடை என்னும் சுங்கம்

ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை ராக்கெட் நேராக அதன் இருப்பிடத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை. நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டுத் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள வட்டப்பாதைக்கு ஏறுவது செயற்கைக்கோளின் சொந்தப் பொறுப்பு. ஏறியபின் பத்துப் பதினைந்து ஆண்டு இடம் நகராமல் நிற்பதும் அதன் பொறுப்பு. நான்கு டன் செயற்கைக்கோள் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதிக்கு மேல் இதற்கான எரிபொருள். இஸ்ரோ தலைமை சொல்லிவரும் கணக்கின்படி, இரண்டு டன்னுக்கு மேல் ஆகும் அந்த எரிபொருளுக்குப் பதிலாக, பிளாஸ்மா இன்ஜினுக்கு 200 கிலோ அளவு போதும்.

இது இந்தியாவுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பயணச்சீட்டுகளே சாட்சி. 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11, 2018 டிசம்பரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஃபால்கன்-9இல் போனது. நமது மிகப்பெரிய ராக்கெட்டான எல்விஎம்3 அந்த நீள்வட்டப் பாதைக்குச் சுமப்பது சுமார் நான்கு டன் என்பதால், கூடுதல் கனத்துக்கு வெளிநாட்டு வாடகை. செயற்கைக்கோளின் வயிற்றில் இருக்கும் எரிபொருள் குறைந்தால், அதே கருவிகளோடு அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏறும். பெரிய ராக்கெட் செய்து அடைய வேண்டிய பயனில் ஒரு பகுதியை, சின்ன இன்ஜின் செய்து அடையும் வழி இது.

பிற நாடுகள் இந்த லாபத்தைப் பத்தாண்டுக்கு முன்பே ருசித்துவிட்டன. 2015 மார்ச் மாதம் போயிங் தயாரித்த இரண்டு செயற்கைக்கோள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரே ஃபால்கன்-9இல் ஏறின. மேலே ஏறவும் மேலே நிற்கவும் மின்சார இன்ஜின் மட்டுமே கொண்ட முதல் வணிகச் செயற்கைக்கோள்கள் அவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

இந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. அதன் பெயர் காலம். ரசாயன இன்ஜின் சில நாள்களில் முடிக்கும் ஏற்றத்தைப் பிளாஸ்மா இன்ஜின் முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்தச் செயற்கைக்கோள் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களை ராக்கெட் வேகத்தில் கடப்பதற்குப் பதிலாக, அவற்றுக்குள் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். சூரியத் தகடுகள் அந்தக் கதிர்வீச்சில் தேயும். ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 விண்கலம் 2003 செப்டம்பரில் கிளம்பி, அப்படிச் சுருள் சுருளாக ஏறி, நிலவின் பிடிக்குள் சிக்க 2004 நவம்பர் ஆயிற்று. அப்போலோ வீரர்கள் மூன்று நாளில் போன தூரம். ஆனால் ஸ்மார்ட்-1இன் டாங்கியில் இருந்தது வெறும் 82 கிலோ செனான்.

கைவிடப்பட்டவற்றைக் கரைசேர்த்த கதை

மின்சார இன்ஜினின் பெருமையை உலகம் உணர்ந்தது திட்டமிட்ட பயணங்களில் மட்டுமல்ல. விபத்துகளிலும்தான்.

2001 ஜூலையில் ஐரோப்பாவின் ஆர்ட்டெமிஸ் செயற்கைக்கோளை ஏரியான்-5 தவறான, தாழ்வான பாதையில் விட்டுவிட்டது. அதிலிருந்த அயனி இன்ஜின்கள் இடம் நகராமல் காப்பதற்காக வைக்கப்பட்டவை, ஏறுவதற்காக அல்ல. ரசாயன இன்ஜின் ஏற்றியது போக மிச்ச ஏற்றத்தை, பொறியாளர்கள் புது மென்பொருள் எழுதி அனுப்பி, அந்தச் சிறு இன்ஜின்களை வைத்தே மெல்ல மெல்ல முடித்தார்கள். 2003 ஜனவரி 31 அன்று அது தன் இடத்தை அடைந்தது.

2010 ஆகஸ்டில் ஏவப்பட்ட அமெரிக்க ராணுவத்தின் ஏஇஎச்எஃப்-1 செயற்கைக்கோளின் கதை இன்னும் பதற்றமானது. பிரதான ரசாயன இன்ஜின் வேலை செய்யவே இல்லை. தயாரிப்பின்போது எரிபொருள் குழாயில் தவறுதலாக விட்டுப்போன துணித்துண்டு அடைத்திருக்கலாம் என்பது பின்னாளில் வந்த ஊகம். அதிலிருந்த ஹால் த்ரஸ்டர்களின் பலத்தில் அந்தப் பிரம்மாண்டக் கலம், ஏவிய பதினான்கு மாதத்தில், 2011 அக்டோபரில் சென்றடைய வேண்டிய பாதைக்குப் போய்ச்சேர்ந்தது. அந்த ஊகம் சரியென்றால், அவ்வளவு பெரிய ஒரு கலம் ஒரு துணித்துண்டால் வீழ இருந்தது. சில பத்துக் கிராம் விசை அதைக் காப்பாற்றியது.

இந்தியாவின் தொடக்கமும் ஒரு விபத்தில்தான். 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 வங்கக்கடலில் விழுந்தது. உள்நாட்டுக் கிரையோஜெனிக் இன்ஜினின் முதல் முயற்சி தோற்ற நாளாகவே அது நினைவில் இருக்கிறது. அதில் பயணித்த ஜிசாட்-4இல் பிளாஸ்மா த்ரஸ்டர்களும் இருந்தன. இரண்டு கனவுகள் ஒரே நாளில் கடலுக்குள் போயின. கிரையோஜெனிக் இன்ஜின் நான்காண்டுக்குள் எழுந்து நின்றது. பிளாஸ்மாவுக்கு ஏழாண்டு ஆனது. 2017 மே 5 அன்று ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோளான ஜிசாட்-9இல், இடம் நகராமல் காக்கும் வேலைக்கு மின்சார இன்ஜின் ஏறியது. இலங்கை உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கு இந்தியா அளித்த பரிசு அந்தச் செயற்கைக்கோள்.

[பெட்டி] எண்கள் பேசுகின்றன

டான் விண்கலம் (நாசா, 2007–2018): 425 கிலோ செனான். இன்ஜின்கள் ஓடியது மொத்தம் சுமார் 5.9 ஆண்டு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 97 கிலோமீட்டர் வேகம் பிடிக்க நான்கு நாள். ஆனாலும் வெஸ்டா, சீரிஸ் என இரண்டு உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிவந்தது.

டீப் ஸ்பேஸ்-1 (நாசா, 1998): முதல்முறை இயக்கியபோது இன்ஜின் நாலரை நிமிடத்தில் நின்றது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஓடியது. பிறகு 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

இஸ்ரோ த்ரஸ்டர் (2025): 300 மில்லிநியூட்டன், 5.4 கிலோவாட், 1,000 மணி நேரம்.

சுவர் அரிக்கும் சத்தம் கேட்காது

1,000 மணி நேரம் என்பது 41 நாள் 16 மணி நேரம். இதைச் சாதனை என்று சொல்வதில் தவறில்லை. போதும் என்று சொல்வதுதான் தவறு. ஆறு மாதம் விடாமல் ஏறும் ஒரு செயற்கைக்கோளுக்கு ஏற்றத்துக்கு மட்டுமே 4,300 மணி நேரத்துக்கு மேல் இன்ஜின் ஓட வேண்டும். அதன்பிறகு பதினைந்தாண்டுக் காவல் வேலை இருக்கிறது. விண்ணில் மெக்கானிக் கிடையாது.

இந்த இன்ஜின்களின் எதிரி தேய்மானம். நொடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் அயனிகளில் சில, நேராகப் போகாமல் பீங்கான் சுவரில் மோதும். ஒவ்வொரு மோதலும் சில அணுக்களைப் பெயர்க்கும். மணல் காற்று பாறையை அரிப்பதுபோல மாதக்கணக்கில் இது நடக்கும். சுவர் கரைந்து உள்ளிருக்கும் காந்த அமைப்பு வெளியே தெரிந்தால் இன்ஜின் முடிந்தது. இஸ்ரோவும் தன் சோதனையின் நடுவே உள்ளுறையின் அரிப்பை அளந்துகொண்டேதான் வந்தது.

இதைக் கணினியில் கணக்குப்போட்டு மட்டும் நம்ப முடியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பது லேசான காரியமில்லை. பெரிய எஃகு அறை. அதற்குள் வெற்றிடம். இன்ஜினோ வாயுவை வீசிக்கொண்டே இருக்கும், பம்புகள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். பாயும் அயனிகள் எதிர்ச்சுவரையும் பெயர்க்கும். பெயர்ந்த துகள் திரும்பி இன்ஜின்மேல் படிந்து முடிவையே கெடுக்கும். அதனால் சுவருக்குக் கார்பன் கவசம் போடுகிறார்கள். நாசா, டீப் ஸ்பேஸ்-1இன் உபரி இன்ஜினைக் கலிஃபோர்னியாவில் இப்படி ஓர் அறைக்குள் ஓட்டத் தொடங்கி, 2003இல் நிறுத்தியபோது மீட்டரில் இருந்தது 30,352 மணி நேரம். அந்த இன்ஜின் அப்போதும் ஓடக்கூடிய நிலையில்தான் இருந்தது.

பொறுமைக்குச் சில நேரம் எதிர்பாராத கூலியும் கிடைக்கும். ஏஇஎச்எஃப் கலங்களுக்காகச் செய்த ஹால் த்ரஸ்டரைப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தபோது, 5,600 மணி நேரத்தையொட்டிச் சுவர் அரிப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. யாரும் அப்படி வடிவமைக்கவில்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் மிகெல்லைடிஸ், ஹோஃபர் உள்ளிட்டோர் ஏன் என்று தோண்டினார்கள். அரித்து அரித்துச் சுவர் ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு வந்தபோது, காந்தக்கோடுகள் அதற்கு இணையாக அமைந்து, அயனிகளைச் சுவரிலிருந்து விலக்கிவிட்டன. அந்த வளைவை முதலிலேயே கொடுத்துவிட்டால் இன்ஜின் தேயாதே! காந்தக் கவசம் என்று பெயர் பெற்ற அந்த உத்தி, அதன்பிறகு வந்த ஹால் த்ரஸ்டர்களின் வடிவத்தையே மாற்றியது. ஆயிரத்தோடு நிறுத்தியிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இந்தியா அடுத்து எடுக்கவேண்டிய முடிவு இங்கேதான் இருக்கிறது. டிடிஎஸ்-1 என்ற சோதனைச் செயற்கைக்கோளில் இந்தத் த்ரஸ்டரைப் பறக்கவிடப்போவதாக இஸ்ரோ அறிவித்திருக்கிறது. விண்ணில் ஒன்று பறக்கும்போதே, அதன் இரட்டைப் பிறவி ஒன்று தரையில், அறைக்குள், வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான வெற்றிட அறைகளும் மின்கட்டணமும் சம்பளமும் பட்ஜெட்டில் கவர்ச்சியான தலைப்புகள் அல்ல. ஆனால் ஒரு தனியார் வாடிக்கையாளர் இந்திய த்ரஸ்டரை வாங்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் கேட்கப்போவது அந்த மீட்டரில் உள்ள எண்ணைத்தான்.

கோடி லிட்டர் காற்றில் ஒரு லிட்டர் இல்லை

ஏன் செனான்? கனமான அணு, எளிதில் எலெக்ட்ரானை இழக்கும், எதனோடும் வினைபுரியாது, அழுத்தினால் சிறிய டாங்கியில் அடங்கும். ஒரே குறை, கிடைக்காது. ஒரு கோடி லிட்டர் காற்றை வடிகட்டினால் ஒரு லிட்டர்கூடத் தேறாது. பெரிய உருக்காலைகளுக்கு ஆக்சிஜன் பிரிக்கும் ஆலைகளில், துணைப்பொருளாக வருவதைச் சேகரிக்க வேண்டும். மருத்துவமனை, விளக்கு, சிப் தொழில் எல்லாம் அதே குடுவைக்குக் கை நீட்டுகின்றன. அரிய வாயுக்களின் சப்ளையில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் பெரிய பங்கு இருந்ததால், 2022இல் போர் தொடங்கியபோது சந்தை ஆடிப்போனது.

ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள் விடும் நிறுவனத்துக்கு இந்த வாயு கட்டுப்படியாகாது. ஸ்பேஸ்எக்ஸ் 2019இல் விட்ட ஸ்டார்லிங்க் கலங்களில் கிரிப்டானைப் போட்டது. 2023 பிப்ரவரியில் ஆர்கானுக்கு மாறியது. அந்த ஆர்கான் இன்ஜின் 2.1 கிலோ எடை, 170 மில்லிநியூட்டன், 4.2 கிலோவாட். ஆர்கான், வெல்டிங் பட்டறையில் சிலிண்டரில் நிற்கும் வாயு. நூறு லிட்டர் காற்றில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அதுதான். அயனியாக்கக் கூடுதல் மின்சாரம் ஆகும், திறன் சற்றுக் குறையும். விலை வித்தியாசம் அதையெல்லாம் ஈடுகட்டிவிடுகிறது. பிரான்ஸின் த்ரஸ்ட்மீ நிறுவனமோ அயோடினைப் பிடித்தது. திடப்பொருளாகவே வைத்து, சூடேற்றி ஆவியாக்கும் அந்த இன்ஜின் 2020 நவம்பரில் ஏவிய ஒரு சீனச் சிறு செயற்கைக்கோளில் ஓடிக் காட்டியது. உயர் அழுத்த டாங்கியே தேவையில்லை.

செனானைத் தவிர்த்து யோசிக்கும் தைரியம் நம் ஆய்வகங்களுக்கும் வரவேண்டும். பெரிய செயற்கைக்கோளுக்குச் செனான் சரி. நூற்றுக்கணக்கில் சிறு கலங்களை விட நினைத்தால், இறக்குமதி வாயுவை நம்பியிருப்பது பழைய வாடகைக்குப் பதில் புதிய வாடகை கட்டுவதாகும்.

[பெட்டி] ஒரு புயல், நாற்பது கலங்கள்

2022 பிப்ரவரி 3 அன்று 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. மறுநாளே, சூரியச் சீற்றத்தால் எழுந்த புவிக்காந்தப் புயல் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி வீங்கவைத்தது. தாழ்வான பாதையில் காற்றின் இழுவை கூடியது. அந்த இழுவையில் அவற்றால் ஏற்றத்தைத் தொடங்கவே முடியவில்லை. 40 கலங்கள்வரை திரும்பி விழுந்து எரிந்தன. இதற்கு எதிர்முனையில் ஐரோப்பாவின் கோசே. பூமியின் ஈர்ப்பை அளக்கச் சுமார் 255 கிலோமீட்டர் உயரத்திலேயே பறந்த அது, காற்றின் இழுவையை அயனி இன்ஜினால் கணத்துக்குக் கணம் ஈடுசெய்து நான்காண்டு நிலைத்தது. 2013இல் செனான் தீர்ந்த மூன்று வாரத்தில் விழுந்தது.

நெரிசலான வானம்

மலிவான இன்ஜின் வந்ததும் வானம் நெரிசலானது. இதுவும் இந்தத் தொழில்நுட்பத்தின் கணக்கில்தான் வரும். தாழ்வான பாதைகளில் இன்று ஆயிரக்கணக்கான கலங்கள் ஒன்றையொன்று விலகி ஓடுகின்றன. விலகுவதற்கும் இன்ஜின், ஆயுள் முடிந்ததும் கீழே இறங்கி எரிவதற்கும் இன்ஜின். தொலைநோக்கியில் கண் வைத்திருக்கும் வானியலாளர்களின் படங்களில் கோடுகள் விழுகின்றன என்ற வருத்தமும் நியாயமானது. அமெரிக்கா 2022இல், தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் பணி முடிந்த ஐந்தாண்டுக்குள் அகற்றப்பட வேண்டும் என்று விதித்தது. முன்பு 25 ஆண்டு வரை விட்டுவைக்கலாம் என்பது வழக்கம். இறங்கத் தெரியாத கலத்துக்கு இனி ஏறவும் அனுமதி கிடைக்காது என்ற நிலை வரும். சிறு செயற்கைக்கோளுக்கும் த்ரஸ்டர் கட்டாயமாகும்.

அந்தச் சந்தையை இந்திய இளைஞர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்த பெல்லாட்ரிக்ஸ் ஏரோஸ்பேஸ், சிறு கலங்களுக்கான ஹால் த்ரஸ்டரை உருவாக்கிவருகிறது. 2024 ஜனவரி 1 அன்று ஏவிய பிஎஸ்எல்வி-சி58இன் கடைசி அடுக்கு, வேலை முடிந்தபின் வீணாகாமல், சோதனை மேடையாகச் சுற்றியது. ஹால் த்ரஸ்டருக்கான, தனி சூடேற்றி தேவைப்படாத கேதோடு ஒன்றை அந்த மேடையில் வைத்து அவர்கள் சோதித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கிளம்பப்போகும் சிறு கலங்களின் வயிற்றில் யாருடைய த்ரஸ்டர் இருக்கும் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.

தொலைவில் ஓடிக்கொண்டிருப்பவை

சைக்கி என்ற நாசா கலம் இப்போது பயணத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் கிளம்பியது. உலோகம் நிறைந்தது என்று கருதப்படும் சைக்கி குறுங்கோளை 2029 ஆகஸ்டில் அடைய வேண்டும். நிலவுக்கு அப்பால் ஹால் த்ரஸ்டரால் ஓடும் முதல் கலம் அதுதான். டாங்கிகளில் ஒரு டன்னுக்கு மேல் செனான். 2025 ஏப்ரலில் வாயுக் குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தது, த்ரஸ்டர்கள் தாமாக நின்றன. சில வாரம் ஆராய்ந்து, மாற்றுக் குழாய்க்கு வாயுவைத் திருப்பிவிட்டார்கள். நீல ஒளி மறுபடி எரிந்தது.

குனினாகாவும் ஹயபுசாவோடு நிறுத்தவில்லை. 2014 டிசம்பரில் கிளம்பிய ஹயபுசா-2இல், அதே குடும்பத்து அயனி இன்ஜின்கள் நான்கு. பழைய கலத்தைக் கைவிட்ட நடுநிலையாக்கியின் ஆயுளை நீட்டியிருந்தார்கள். அது ரியூகு குறுங்கோளின் மண்ணை 2020 டிசம்பரில் வூமேரா பாலைவனத்திலேயே இறக்கிவிட்டது. இந்தமுறை கலம் எரியவில்லை. டாங்கியில் செனான் மிச்சமிருந்தது. கூட்டை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, பூமியை ஒட்டித் திரும்பி, 1998 கேஒய்26 என்ற சின்னஞ்சிறு குறுங்கோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. போய்ச்சேர வேண்டிய நாள், 2031 ஜூலை.